அறிவிப்பு முதல் வகுப்பறை வரை: பள்ளி மேலாண்மைக் குழுவின் புதிய உறுப்பினருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓரிரு வாரத்திலேயே ஊரில் யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, "நம்ம மாவட்டத்துக்கு இத்தனை கோடி ஒதுக்கியிருக்காங்களாமே, நம்ம பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்பார். அதே கேள்வியைத் தலைமையாசிரியரிடம் கேட்டால், "நமக்கு இன்னும் எதுவும் வரலீங்க" என்பார். செய்தியைக் காட்டியவரும் பொய் சொல்லவில்லை. தலைமையாசிரியரும் பொய் சொல்லவில்லை. சட்டமன்றத்தில் சொல்லப்படும் ஒரு தொகை உங்கள் பள்ளியின் சுவராகவோ கழிப்பறைக் கதவாகவோ மாறுவதற்குள் பல படிகளைக் கடந்தாக வேண்டும். அது இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே புதிய உறுப்பினர் முதலில் பழக வேண்டிய வேலை.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் குழந்தைகளைச் சேர்த்துவிட்டு, அரசு அறிவிப்புகளைப் பின்தொடர்ந்து முன்பின் பழக்கமில்லாத பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். இரண்டு முறை குழு உறுப்பினராக இருந்து, பல தவறுகளைச் செய்து கற்றுக்கொண்டவை இவை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவு குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பையும் அதே பிரிவுதான் உங்களுக்குத் தருகிறது. ஆகவே கணக்கைக் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதாகாது.

முதல் படி: உங்கள் பள்ளி யாருடையது?

இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பெயர்ப் பலகையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' அல்லது 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்று இருந்தால், ஆசிரியர்கள் தொடக்கக் கல்வித் துறையின் கீழும், கட்டடம் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கும். 'அரசு உயர்நிலைப் பள்ளி', 'அரசு மேல்நிலைப் பள்ளி' என்றால் பள்ளிக் கல்வி இயக்ககமும் கட்டடத்துக்குப் பெரும்பாலும் பொதுப்பணித் துறையும் வரும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆகியவற்றின் வரலாறும் நிர்வாகமும் வேறு. ஒழுகும் கூரையைப் பற்றிய மனுவை வட்டாரக் கல்வி அலுவலரிடம் மட்டும் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்த பெற்றோரை எனக்குத் தெரியும். மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மேசை வட்டார வளர்ச்சி அலுவலருடையது.

அடுத்து, நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே தரப்படும் அடையாள எண்ணான யூடைஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பதினோரு இலக்க எண். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33 என்று தொடங்கும். அதையடுத்த இலக்கங்கள் மாவட்டம், வட்டாரம், ஊர் என்று குறுகிக்கொண்டே வந்து உங்கள் பள்ளியில் முடியும். இதன் அருமை எனக்கு ஒரு பட்டியலைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அரசாணையின் இணைப்பில் எங்கள் ஊர்ப் பெயரும், அதன் நேரே 'இரண்டு வகுப்பறைகள்' என்றும் இருந்தன. செய்தி ஊர் முழுதும் பரவி, இனிப்பும் வாங்கிக் கொடுத்தாயிற்று. பிறகுதான் அதே பெயரில் பக்கத்து ஒன்றியத்திலும் ஓர் ஊர் இருப்பதும், வகுப்பறைகள் அவர்களுக்கானவை என்பதும் தெரிந்தன. புதூர், புதுப்பட்டி, மேலூர் போன்ற பெயர்கள் தமிழ்நாட்டில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

இரண்டாம் படி: செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

பள்ளி நிதி பற்றிய எந்தச் செய்தியையும் கையில் எடுத்தவுடன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது அறிவிப்பா, ஒதுக்கீடா, ஆணையா, விடுவிப்பா?

அறிவிப்பு என்பது எண்ணம். அது நிதிநிலை அறிக்கை உரையிலோ, விவாதமின்றி அறிக்கை படிக்க இடம்தரும் சட்டமன்ற விதி 110இன் கீழோ, மானியக் கோரிக்கை (ஒரு துறை தன் செலவுக்குச் சட்டமன்றத்திடம் பணம் கேட்பது) விவாதத்தின்போது அமைச்சர் பேச்சிலோ வரலாம். ஒதுக்கீடு என்பது சட்டமன்றம் ஒப்புதல் தந்த தொகை. பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43. அந்தத் துறைக்கு 2023–24இல் 40,299 கோடி ரூபாயும், 2024–25இல் 44,042 கோடியும், 2025–26இல் 46,767 கோடியும் ஒதுக்கப்பட்டதாக நிதிநிலை அறிக்கைகள் கூறின. இந்தப் பெரிய எண்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. இவற்றில் மிகப் பெரும் பங்கு ஆசிரியர், பணியாளர் ஊதியத்துக்குப் போகிறது. கட்டடத்துக்கும் பயிற்சிக்கும் மீதியிலிருந்துதான் வர வேண்டும்.

ஆணை என்பது துறைச் செயலாளர் ஒப்பமிடும் அரசாணை. விடுவிப்பு என்பது பணம் உண்மையிலேயே நகர்வது. ஒதுக்கீட்டுக்கும் விடுவிப்புக்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கக்கூடும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று உண்டு. சமக்ர சிக்ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் 2018இல் தொடங்கப்பட்டது; அதில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்கும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி, 2024–25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் ஒன்றியப் பங்கு அந்த ஆண்டில் விடுவிக்கப்படவில்லை. 2025இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நமக்கு வேண்டாம். தாளில் ஒப்புதல் பெற்ற பணமும் வழியில் நின்றுவிடலாம் என்பதே குழு உறுப்பினர் மனத்தில் பதிய வேண்டியது. ஏட்டுச் சுரைக்காய் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

இதே வரிசையில் கொள்கை விளக்கக் குறிப்பு என்றொரு ஆவணமும் உண்டு. மானியக் கோரிக்கை விவாதத்தை ஒட்டி ஒவ்வொரு துறையும் வெளியிடும் புத்தகம் அது. அரசின் இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. செய்தித்தாளை விட இதை நம்பலாம் என்பது என் அனுபவம். ஒரு திட்டத்தில் எத்தனை பள்ளிகள், எவ்வளவு தொகை, சென்ற ஆண்டு எவ்வளவு முடிந்தது என்ற விவரங்கள் அதில் இருக்கும். சென்ற ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் அருகருகே வைத்துப் படித்தால், ஓசைப்படாமல் காணாமல் போன திட்டங்கள் எவை என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: அரசாணையைப் படிக்கும் முறை

அரசாணையின் நடை யாரையும் மிரட்டும். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். முதலிலிருந்து கடைசி வரை படிக்க முயலாமல், தலைப்பிலிருந்து தொடங்குங்கள். துறையின் பெயர், ஆணையின் வகை, எண், நாள் ஆகிய நான்கும் அங்கே இருக்கும். 'நிலை' என்றால் கொள்கை அளவிலான ஆணை. 'வாலாயம்' என்றால் வழக்கமான நிர்வாக ஆணை. எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவதால், எண்ணோடு நாளையும் துறையையும் சேர்த்தே குறிக்க வேண்டும். 'அரசாணை எண் 60' என்று மட்டும் சொல்லிக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அங்கே ஒன்றும் நடக்காது.

தலைப்புக்குக் கீழே முந்தைய ஆணைகளின் பட்டியல் வரும். இப்போதைக்கு அதைத் தாண்டிச் சென்று, 'நிர்வாக அனுமதி' என்ற சொல்லையும் 'நிதி ஒப்பளிப்பு' என்ற சொல்லையும் தேடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. நிர்வாக அனுமதி என்றால் அந்த வேலையைச் செய்ய அரசு இசைந்துள்ளது என்று பொருள். நிதி ஒப்பளிப்பு என்றால் அதற்கான தொகையைச் செலவிட அனுமதித்துள்ளது என்று பொருள். முதலாவது மட்டும் இருந்து இரண்டாவது இல்லையென்றால் நாற்காலியை நன்றாகப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள், காத்திருப்பு நீளும். கடைசியில் உள்ள இணைப்பில் பள்ளிகளின் பட்டியல் இருக்கும். உங்கள் பள்ளி இருக்கிறதா என்பதை மாவட்டம், ஒன்றியம், யூடைஸ் எண் என்ற வரிசையில் சரிபாருங்கள்.

அரசாணைக்குப் பின் இயக்குநரின் 'செயல்முறைகள்' என்ற கடிதம் மாவட்டங்களுக்குப் போகும். முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக அது உங்கள் தலைமையாசிரியரை வந்தடையும். நடைமுறையில் உங்களுக்கு மிகவும் பயன்படும் தாள் இதுதான், ஏனென்றால் எதை, எப்போதுக்குள், எந்தக் கணக்கிலிருந்து செய்ய வேண்டும் என்பது இதில்தான் எழுதப்பட்டிருக்கும். அதன் நகலைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல தலைமையாசிரியர் கேட்காமலே வாசிப்பார்.

நான்காம் படி: ஆண்டு மானியம்

கோடிகளைப் பற்றிப் பேசுவதை விட, ஆண்டுதோறும் உங்கள் பள்ளிக்கு வரும் சில ஆயிரங்களைக் கவனிப்பதில் பலன் அதிகம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிகள்படி, கூட்டுப் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு 10,000 ரூபாய்; 31 முதல் 100 வரை 25,000; 101 முதல் 250 வரை 50,000; 251 முதல் 1,000 வரை 75,000; அதற்கு மேல் ஒரு லட்சம். இவை உச்ச வரம்பு. நிதி தட்டுப்பாடான ஆண்டில் குறைவாகவும் வரலாம். விளையாட்டுப் பொருள்களுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை தனியே உண்டு.

இந்த எண்களை உற்றுப் பாருங்கள். 98 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 25,000. 102 பேர் படிக்கும் பள்ளிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. நான்கு குழந்தைகளின் பெயர் யூடைஸ் பதிவில் விடுபட்டால் பாதித் தொகை போயிற்று. எனவே செப்டம்பர் மாதக் கணக்கெடுப்பின்போது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் இடையில் வேறு ஊரிலிருந்து வந்தவர்களும் பதிவாகிவிட்டார்களா என்று கேட்பது குழுவின் வேலைகளில் மிக லாபகரமானது.

இந்த மானியத்தைக் கெட்டுப்போன சாதனங்களை மாற்றுவது, மின் கட்டணம், குடிநீர், சிறு பழுதுபார்ப்பு, எழுதுபொருள் போன்றவற்றுக்குச் செலவிடலாம். குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. செலவுக்குக் குழுத் தீர்மானம் வேண்டும். தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்திடும் முன் தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'தேவையான பணிகள் செய்யத் தீர்மானிக்கப்பட்டது' என்ற வாசகத்தின் கீழ் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.

வங்கிப் புத்தகத்தில் சுழியம் இருந்தால் பதற வேண்டியதில்லை. 2021க்குப் பின் ஒன்றிய அரசு நிதி பெறும் திட்டங்களுக்கு ஒற்றை முனைக் கணக்கு முறை வந்துவிட்டது. பள்ளிக் கணக்கில் பணமாக வந்து நிற்பதற்குப் பதில், இவ்வளவு வரை செலவிடலாம் என்ற வரம்பு மட்டும் தரப்படும். அந்த வரம்பை மார்ச் 31க்குள் பயன்படுத்தாவிட்டால் தொகை திரும்பிவிடும். பிப்ரவரியில் விழித்துக்கொண்டு மார்ச் கடைசி வாரத்தில் எதையாவது வாங்கித் தள்ளும் வழக்கத்தைத் தவிர்க்க ஒரே வழி, டிசம்பர் கூட்டத்திலேயே தேவைப் பட்டியலை முடிவு செய்துவிடுவது.

ஐந்தாம் படி: கட்டடம்

கட்டடம் என்றால் எல்லோருக்கும் புதுக் கட்டடமே நினைவுக்கு வருகிறது. ஆனால் அவசரம் பழைய கட்டடத்தில்தான் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக்குத் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இரண்டுக்கும் பிறகு ஆய்வுகளும் ஆணைகளும் வந்தன. குழு செய்ய வேண்டியது எளிது: ஆண்டுக்கு இருமுறை, குறிப்பாக ஐப்பசி மழைக்கு முன், கட்டடத்தைச் சுற்றி வந்து பார்த்து எழுத்தில் வைப்பது. விரிசல் பூச்சில் மட்டுமா, சுவரையே ஊடுருவியிருக்கிறதா, கூரைக் கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருவோடு தெரிகிறதா என்பதை நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளவு தெரியும்படி படம் எடுத்து, தேதி போட்டு, பொறியாளரின் ஆய்வு கோரித் தீர்மானம் போடுங்கள். அபாயமான அறை என்று தெரிந்தால், ஆணை வரும் வரை காத்திராமல் பிள்ளைகளை அங்கிருந்து மாற்றச் சொல்லுங்கள்.

புதுக் கட்டடத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போன்ற மாநிலத் திட்டங்களும் ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டின் கடன் உதவியும் வழி. அன்பழகன் திட்டத்தை 2022–23 நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது, ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. உங்கள் பள்ளி பட்டியலில் வர, தேவை முதலில் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இந்தத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பைக் குழுவிடமே தந்திருக்கிறது. 'கட்டடம் வேண்டும்' என்று எழுதுவதை விட, ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர், தடையற்ற வழி என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்பவற்றோடு ஒப்பிட்டு, இல்லாததை மட்டும் எழுதுங்கள். சட்டம் கட்டாயமாக்கியதைக் கேட்கும் மனுவை ஒதுக்கித் தள்ளுவது கடினம்.

வேலை தொடங்கியபின் மதிப்பீட்டின் நகலையும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். பொறியாளர் இல்லாமலே நாம் பார்க்கக்கூடியவை சில உண்டு. கான்கிரீட் போட்டபின் குறைந்தது ஒரு வாரமாவது விடாமல் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்கிறார்களா? விடுமுறை நாளில் யார் ஊற்றுகிறார்கள்? சாய்தளம் எவ்வளவு நீளம்? ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது ஏற்கப்பட்ட அளவு. வாசல் ஒன்றரை அடி உயரமென்றால் சாய்தளம் பதினெட்டு அடி இருக்க வேண்டும். நான் பார்த்த பலவும் ஐந்தடியில் முடிந்துவிட்டன. சக்கர நாற்காலியை அதில் ஏற்றுவது கிணற்றுச் சரிவில் வண்டி தள்ளுவது போல. அஸ்திவாரம் போடும் முன் இதைக் கேட்டால் யாருக்கும் செலவில்லை. திறப்பு விழாவுக்குப் பின் கேட்டால் யாருக்கும் காது கேட்காது.

ஆறாம் படி: ஆசிரியர் பயிற்சி பற்றிய செய்திகள்

இவற்றை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். ஒன்று, ஆசிரியராவதற்கான தகுதி பற்றியது. மற்றொன்று, பணியில் இருப்போருக்கான பயிற்சி பற்றியது. முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அது கூறியது. உங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால் காரணம் அதுவாக இருக்கும். அவரது திறமையை அதை வைத்து எடை போடாதீர்கள்.

இரண்டாம் வகைப் பயிற்சி மேலிருந்து கீழே படிப்படியாக வரும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பாடப்பொருளைத் தயாரிக்கும். மாநில, மாவட்டக் கருத்தாளர்கள் (பயிற்சி அளிப்பவர்கள்) வழியாக அது வட்டார வள மையத்தையும் குறுவள மையத்தையும் வந்தடையும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்க 2022 ஜூன் மாதம் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கான பயிற்சிகள் இந்த வழியில்தான் ஆசிரியர்களைச் சென்றடைந்தன. படி கூடக் கூடச் சாறு குறையும் என்று ஆசிரியர்களே சொல்வார்கள். எனவே 'இத்தனை ஆயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி' என்ற செய்தியை விட, நம் பள்ளியில் யார் போனார், எத்தனை நாள், எந்த வகுப்புக்கு, அந்த நாட்களில் வகுப்பை யார் பார்த்துக்கொண்டார் என்பவை நமக்கு முக்கியம். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளியில் சட்டப்படி இரண்டு ஆசிரியர்களே இருப்பார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இதைக் குறையாகச் சொல்லாமல், பயிற்சி அட்டவணை வந்தவுடன் குழுவுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டால், தன்னார்வலர் ஒருவரை ஏற்பாடு செய்ய நமக்கும் நேரம் கிடைக்கும். பாடம் எப்படி நடத்த வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லித்தர முயலாதீர்கள். பயிற்சியில் புதிதாக வந்த கற்றல் கருவிகளைப் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.

ஏழாம் படி: எழுத்தில் கேட்பது

வாய்வார்த்தையில் கேட்டுப் பதில் வராதவற்றுக்குத் தீர்மானம், கிராம சபை, தகவல் உரிமை என்ற மூன்று வழிகளும் இந்த வரிசையில் உதவும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். பள்ளித் தீர்மானத்தின் நகலோடு போனால் ஊராட்சியின் பதிவிலும் அது ஏறும். அதற்கும் அசைவில்லை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பியுங்கள்; முப்பது நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் இன்னும் கட்டவில்லை?' என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் காரணம் கேட்பது தகவல் கேட்பதாகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'இந்த எண்ணும் நாளும் கொண்ட அரசாணைப்படி, இந்த யூடைஸ் எண் கொண்ட பள்ளிக்கு விடுவிக்கப்பட்ட தொகை, நாள், பணி ஆணை நகல், பயன்பாட்டுச் சான்று நகல் ஆகியவற்றைத் தருக' என்று எழுதுங்கள் (பயன்பாட்டுச் சான்று என்பது பணம் உரிய வேலைக்கே செலவானது என்று அலுவலர் தரும் சான்று). பதில் வராவிட்டாலோ பாதியாக வந்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். செய்தி வந்த நாள், ஆணை எண், நம் பள்ளிக்குரிய தொகை, பேசிய அலுவலர் பதவி, அடுத்துக் கேட்க வேண்டிய நாள் என்று ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். குழுவின் காலம் இரண்டு ஆண்டுதான். நிலுவையில் உள்ள வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடிட்டு, அந்த நோட்டை அடுத்து வரும் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.